செக்ரட்டரி வீட்டுக்காரர்

லிஃப்ட் தளத்தோடு ஒட்டி நிற்கவில்லை. இரண்டு விரல் அளவு கீழே இறங்கி நின்றது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஆஸ்பத்திரி ஊழியர் முன்சக்கரத்தைக் காலால் எத்தி உள்ளே இறக்கினார். வெள்ளைத் துணிக்குள் அவள் தலை ஒருமுறை ஆடி நின்றது. மெக்கானிக்குக்கு வந்ததே கோபம். மனைவி போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, அழுகை இன்னும் வந்து சேரவில்லை, கோபம் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"லெவல் ஆகாம நிக்குது பாருங்க. பிரேக் தேஞ்சிருக்கு. யாருகிட்டயும் சொல்லலையா?" என்றார்.

"சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கோம்" என்றார் ஊழியர்.

அதோடு பேச்சு முடிந்தது. ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவருக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. துணிக்குள் கிடந்தவளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், அவருக்கு மேலே யார், அவர் எந்த அறையில் உட்காருகிறார் என்று லிஃப்ட் கீழே போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் கறந்திருப்பாள். மூச்சுத் திணறலோடு சேர்த்த அன்றுகூட, ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்டில் நோயாளிக்கு ஏன் போர்வை தரவில்லை என்று நர்சிடம் விசாரித்தவள் அவள். நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே போய்ப் போர்வை எடுத்து வந்தாள்.

கீழே கதவு திறந்ததும் அவர் சட்டைப் பையில் அவளுடைய போன் அடித்தது. எடுத்தார். "அக்கா, எங்க பிளாக் மோட்டார் மறுபடியும் நின்னு போச்சு" என்றது ஒரு பெண் குரல்.

"அக்கா இல்லம்மா."

"சரிண்ணே, வந்ததும் சொல்லுங்க."

அந்தப் பெண்மேல் தப்பில்லை. அந்த வீட்டுக்குப் போன் போட்டு 'இல்லை' என்று பதில் வந்தால் வெளியே போயிருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமாக அர்த்தம். திருத்திச் சொல்ல மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை. வண்டி வீட்டை நோக்கி வரும்போது இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இருவருக்கும் அதே பதிலைச் சொன்னார், இருவரும் வந்ததும் சொல்லச் சொன்னார்கள். அதற்கடுத்துக் கூப்பிட்ட ஆளிடம் மட்டும் "செத்துப் போயிட்டா" என்று பட்டென்று சொன்னார். அதற்குப் பிறகு போன் அடிக்கவேயில்லை. அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

இப்படி ஒருத்தியாக அவள் ஆவாள் என்று கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் மெக்கானிக் சிரித்திருப்பார். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சீட்டு கொடுப்பது அவள் வேலை. கால்வாயின் இந்தக் கரையில் அவர்களுடைய பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தக் கரையில் பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், மருந்துக்கடை, அதற்குப் பின்னால் தகரக் கூரை வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்பு நடைபாலம். பாலம் இல்லையென்றால் லாரிகள் ஓடுகிற பெருஞ்சாலையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியில் போகிறவர்கள் ஒவ்வொரு லாரிக்கும் ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பாலத்து விளக்கு ஒருநாள் எரியாமல் போனது. வேலை முடிந்து இருட்டில் தடவிக்கொண்டு வந்தவள், வீட்டுக்கு வந்து புகார் எண்ணைத் தேடிப் போன் போட்டாள். எந்தச் சங்கத்திலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தனி ஆள் என்று சொன்னால் குறித்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்துபோய், 'கால்வாய்க்கரைக் குடியிருப்போர் சங்கம்' என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். நீங்கள் யார் என்றதற்கு, 'செக்ரட்டரி' என்றாள். விளக்கு எரிந்தது. அதோடு போயிருந்தால் நல்லது. 'செயலாளர் அவர்களுக்கு' என்று போட்டு, பகுதிக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது.

மெக்கானிக் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "சங்கம் எங்க இருக்கு? பீரோவுக்குள்ளயா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. சொன்னது சொல்லியாகிவிட்டது, இனிமேல் ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரரும் அவளும் சேர்ந்தால் இரண்டு பேர் ஆயிற்று, சங்கமும் ஆயிற்று. பொய் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கத்தான் ஜனங்களுக்குத் தெரியும். இவள் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டுத்தான் படுத்தாள்.

அடுத்த ஆளாக மெக்கானிக்கைத்தான் சேரச் சொன்னாள். "ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்" என்று சொல்லிவிட்டார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டதை மாற்றிக்கொள்கிற சுபாவம் அவருக்கு இல்லை. சங்கம் வளர்ந்தது. குப்பை வண்டி வந்தது, சாக்கடைக்கு மூடி வந்தது, பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வந்தது. அவளுக்கு 'செக்ரட்டரி அக்கா' என்று பெயர் வந்தது. மெக்கானிக்குக்கும் ஒரு பெயர் வந்தது: 'செக்ரட்டரி வீட்டுக்காரர்'. பெரிய பெரிய கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் கைபட்டு ஓடிக்கொண்டிருந்தன. தெருவில் அவருக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

அவருக்கு உறுத்தியது அதுகூட இல்லை. ஒரு சின்னச் சொல். முன்பெல்லாம் வீட்டில் அவள் வாயில் 'நாம'தான் வரும். நாம ஒரு ஃபேன் வாங்கணும், நாம எப்ப ஊருக்குப் போறோம் என்பாள். சங்கம் வந்த பிறகு 'நாங்க' வந்துவிட்டது. நாங்க நாளைக்கு ஆபீசுக்குப் போறோம், நாங்க கேட்டோம், நாங்க விட மாட்டோம். அந்த 'நாங்க'வில் ஜெராக்ஸ்காரர் இருந்தார், மோட்டார் போடுகிற ஆள் இருந்தார், தகரக் கூரை வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். சோறு போட்ட தட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தவர் இல்லை.

ஆனால் ஆபீசர்களிடம் போனால் அவளுக்கு 'நாம'தான். முதல் மனுவிலேயே 'நாம் இந்தச் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டும்' என்று எழுதியிருந்தாள். மனுவில் 'நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்' என்றுதான் வரவேண்டும், ஆபீசரை நம்மோடு சேர்த்து எழுதக்கூடாது என்று ஜெராக்ஸ்காரர் திருத்தப் பார்த்தார். அதற்குள் அவள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். படித்த ஆபீசர் சிரித்துவிட்டு, சரி, நாம் செய்வோம் என்றாராம். அதிலிருந்து அதையே பிடித்துக்கொண்டாள். நாம எப்ப சார் இதை முடிக்கப் போறோம் என்று அவள் கேட்டால், தங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறதோ என்று ஆபீசர்கள் குழம்பிப்போவார்கள். இதையெல்லாம் அவளே வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள். ஊரான் வீட்டு ஆபீசருக்கு 'நாம', கட்டின புருஷனுக்கு 'நாங்க'. மெக்கானிக் இதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். உள்ளுக்குள் மட்டும் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். முதல் மாடி வீடு. கூடத்து ஜன்னலைத் திறந்தால் கால்வாயும் பாலமும் தெரியும். அவள் எப்போதும் திறந்துதான் வைத்திருப்பாள்; மெக்கானிக் போய் மூடினார். வெயில் அவள் முகத்தில் அடித்தது என்பது ஒரு காரணம். இன்றைக்காவது அந்தப் பாலம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்பது இன்னொரு காரணம்.

பத்து மணிக்கு மகள் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, போன மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா வராமல் போனதைச் சொன்னாள். ஏதோ பாலத்து விஷயமாக ஆளைப் பார்க்க வேண்டும் என்றாளாம். "எனக்கு மட்டும்தாம்ப்பா அம்மாவுக்கு நேரம் இருக்காது" என்றாள்.

தன் கட்சியில் இன்னொரு ஆள் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஜெராக்ஸ்காரர் படியேறி வந்தார். ஒல்லியான மனுஷர், எப்போதும் யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுவார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பிணத்தின் காலடியில் நின்றுவிட்டு, மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டார். சங்கத்தின் சார்பில் வாசலில் ஒரு பேனர் வைக்கலாமா, சாயங்காலம் எடுப்பதற்கு முன்னால் கீழே நாலு பேர் நாலு வார்த்தை பேச ஒரு மைக் வைக்கலாமா என்று கேட்டார்.

"பேனர் வேண்டாம், மைக்கும் வேண்டாம்" என்றார் மெக்கானிக். "நாலு மணிக்கு வண்டி வரும். வீட்டு ஆளுங்க இருப்போம், எடுத்துடுவோம். இன்னிக்கு ஒரு நாளாவது அவ இந்த வீட்டு ஆளா மட்டும் இருக்கட்டும்."

ஜெராக்ஸ்காரர் தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். பாலம் துருப்பிடித்துவிட்டது, ஆபத்து என்று ஆபீசில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். மூடிவிட்டால் ஆபீசுக்கு வேலை சுலபம். மூடாமல் பழுதுபார்க்க முடியுமா என்று நேரில் வந்து பாருங்கள் என்று அக்கா மாசக்கணக்கில் நடையாய் நடந்து தேதி வாங்கியிருக்கிறாள். அந்தத் தேதி இன்றைக்கு, பதினொரு மணிக்கு. சங்கத்திலிருந்து யாரும் நிற்கவில்லையென்றால் மூடுவதற்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

கீழ்ப்பக்கத்தில் இன்னொரு பாலம் இருந்தது. அதைத் 'தற்காலிகமாக' மூடினார்கள். பிறகு இரும்பையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே பாலம் இல்லை; 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்ற பலகை மட்டும் நிரந்தரமாக இருக்கிறது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நாங்க ஒரு அரை மணி நேரம் போய்ட்டு வந்துடறோம்" என்றார் ஜெராக்ஸ்காரர்.

அவள் போன பிறகும் அந்த 'நாங்க' போகவில்லை. தாராளமாகப் போங்கள், யார் தடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் மனைவியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் போவதற்குள், பாலத்தைப் பார்க்க வரவேண்டிய ஆபீஸ் பொறியாளரே வீட்டுக்கு வந்துவிட்டார். சின்ன வயசுப் பெண். கீழே விஷயம் தெரிந்து நேரே படியேறி வந்திருந்தாள். கனத்த பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிணத்தின் முன்னால் நின்றாள். போன வாரம்கூட என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, நாம் ரெண்டு பேரும் பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்துவிடலாம் என்றார்கள் என்று மகளிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. மகளும் சேர்ந்து அழுதாள்.

பிறகு பொறியாளர் மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "சார், துக்க வீட்டுல உங்களையெல்லாம் இழுக்கக் கூடாது. இன்னிக்கு வேண்டாம். நீங்க எல்லாம் முடிச்சு, மனசு ஆறினப்புறம் வேற தேதி போட்டு நாங்க வர்றோம். அதுவரைக்கும் பாதுகாப்புக்காகப் பாலத்த மட்டும் மூடி வெச்சிடறோம்" என்றாள்.

கூடத்தில் இருந்த எல்லோர் முகமும் இளகியது. யாரோ ஒரு அம்மாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆபீசரா என்று முணுமுணுத்தாள். ஜெராக்ஸ்காரர்கூடக் கை கூப்பிவிட்டார். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு யாராவது அன்பாகப் பேசினால் போதும், எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாது.

மெக்கானிக்கின் மண்டைக்குள் மட்டும் ஏதோ இடறியது. அவர் மனைவி பல் ஆஸ்பத்திரி மேசையைப் பற்றி ஒருமுறை சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அவர் பாதி காதில் வாங்கினார். கூட்டம் அதிகமாகிவிட்டால் ஆட்களைக் குறைப்பது அவள் பொறுப்பு. சிடுசிடுவென்று பேசி அனுப்பினால் சண்டைக்காவது திரும்பி வந்துவிடுவார்கள். அன்பாக அனுப்பினால் வரமாட்டார்கள். உங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும், இன்றைக்கு டாக்டர் களைத்திருக்கிறார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தோளைத் தொட்டுச் சொன்னால் பாதிப் பேர் பல்வலியோடு வீட்டிலேயே கிடப்பார்களாம். இதைச் செய்து செய்து பழகியதால்தான் எந்த ஆபீசிலும் என்னை யாராலும் எழுப்பி அனுப்ப முடிவதில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

இந்தப் பெண் சூது செய்யவில்லை. மனசாரத்தான் சொல்கிறாள். ஆனாலும் பாலம் மூடிவிடும். மகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், மனைவி கிடக்கிறாள், இன்று ஒருநாள் என்று கேட்டதும் அவரேதான். பேசாமல் இருந்தால் அந்த ஒருநாள் அவருக்கு முழுசாகக் கிடைக்கும். தன்னைத் தவிர அந்தக் கூடத்தில் யாரும் வாயைத் திறக்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. மனைவிமேல் கோபம் கோபமாக வந்தது. போனதுதான் போனாள், இந்த வேலையை முடித்துவிட்டுப் போகக் கூடாதா?

"இருங்கம்மா" என்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இன்னிக்கே பாத்துடுவோம்."

"சார், இந்த நிலைமையில உங்கள எப்படி..."

"என் நிலைமை இருக்கட்டும். மூடாம எப்படி சரி பண்றதுன்னு நாம போய்ப் பாப்போம் வாங்க."

ஜெராக்ஸ்காரர் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மகள் வாசல்வரை வந்து வழியை மறித்தாள்.

"அப்பா, அம்மாவ இப்படிப் போட்டுட்டு எங்க போறீங்க?"

"உங்கம்மா வேலையாத்தான்" என்றார். "வந்துடறேன்."

பாலத்தில் வெயில் காய்ந்தது. இரண்டு கரையிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். பொறியாளர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இரும்பாகத் தட்டிக்கொண்டு போனாள். நல்ல இரும்பு கணீரென்றது. கெட்டுப்போனது 'சொத்' என்றது. கெட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி போட்டாள். கெட்டிக்காரப் பெண்தான். மெக்கானிக் விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தார். தலைக்கு நேர் கீழே கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக ஓடியது. அவர் கால்களை ஜெராக்ஸ்காரர் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டி வீட்டில் பிணமாகக் கிடக்க, புருஷன் பாலத்தில் தலைகீழாகத் தொங்குகிறான் என்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

இடது பக்கம் நெடுக அரித்துப்போயிருந்தது. வலது பக்கம் தாங்கும். பொறியாளர் அதைச் சொல்லிவிட்டு, ஆனால் ஒரு பக்கம் இப்படி இருக்கும்போது ஆட்களை விடுவது கஷ்டம் என்று இழுத்தாள். மெக்கானிக்குக்குப் பாலத்தைப் பற்றி அவளைவிட ஒன்றும் தெரியாது. ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்: மூடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? முதல் தடவை அவள் முடியாது என்றாள். இரண்டாம் தடவை பார்க்கலாம் என்றாள். மூன்றாம் தடவை கேட்டபோது பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

இடது பக்கம் கயிறு கட்டிவிடலாம். வலது பக்கமாக ஒற்றை வரிசையில் நடக்கலாம். சைக்கிள், தள்ளுவண்டி கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஆள் வந்தால் இந்தப் பக்கம் நின்று வழிவிட வேண்டும். இடது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வரலாம் என்றாள்.

"ஆனா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போகணும் சார். ஜனங்க கேப்பாங்களா?"

"கேப்போம்" என்றார் மெக்கானிக். "நாங்க பாத்துக்கறோம்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கு உறைத்தது. யாராவது கவனித்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் கயிற்றுக்கு யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொறியாளர் நின்றவாக்கிலேயே அட்டையில் வைத்து எழுதினாள். சங்கத்தின் சார்பில் சம்மதம் என்று ஒரு கையெழுத்து வேண்டும் என்று அட்டையையும் பேனாவையும் மெக்கானிக்கிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டபோது ஜெராக்ஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே... நீங்க மெம்பர் இல்லையே."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மெக்கானிக்குக்கு முகம் சுண்டிவிட்டது. "ஆமா. நீங்களே போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

ஜெராக்ஸ்காரர் வாங்கவில்லை. "அதுக்குச் சொல்லலண்ணே. வருஷா வருஷம் பொதுக் கூட்டத்துல அக்கா முதல்ல உங்க பேரத்தான் முன்மொழிவாங்க. நான் வழிமொழிவேன். 'சம்மதம் இன்னும் வரல, வந்துடுவாரு, பேரு அப்படியே இருக்கட்டும்'பாங்க. நாங்களும் விட்டு வெச்சிருக்கோம். போன மாசக் கூட்டத்துலயும் சொன்னாங்க. நீங்க சரின்னு சொன்னா இப்பவே மெம்பர்தான்."

மெக்கானிக் தலையை ஆட்டினார்.

"தலையாட்டினா செல்லாதுண்ணே, வாயால சொல்லணும்" என்றார் ஜெராக்ஸ்காரர், இன்னும் தாழ்ந்த குரலில். "அக்கா போட்ட விதி."

மெக்கானிக் வாயைத் திறந்தார், மூடினார். அவளிடம் வீட்டில் ஒரு நாள், ஏதோ ஒரு சாப்பாட்டு வேளையில், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். என்ன குறைந்துபோயிருக்கும்? கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கின் பக்கமாக ஓடியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பேனா.

"சரி" என்றார்.

கையெழுத்து கோணலாக விழுந்தது. அதற்குக் கீழே 'உறுப்பினர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது சட்டையின் முன்பக்கமெல்லாம் துரு. மகள் ஒன்றும் கேட்காமல் வேறு சட்டை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கயிறு கட்டியாகிவிட்டது என்று சொன்னார். மகளிடம் சொன்னாரா, கிடந்தவளிடம் சொன்னாரா என்று மகளுக்குத் தெரியவில்லை. அவள், "அப்ப மூட மாட்டாங்களா?" என்று கேட்டாள். மூட மாட்டார்கள் என்றார்.

நாலு மணிக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. சொந்தக்காரர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மதியத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் நெரிசல் இல்லை. ஒவ்வொருவராக வந்தார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், இறங்கிப் போனார்கள். அக்கம்பக்கத்தார் வந்து தீர்ந்துபோனார்கள் என்றுதான் மகள் நினைத்திருந்தாள். கீழே போய் டிரைவரிடம் பேசிவிட்டு வந்தவள், கூடத்து ஜன்னலைத் திறந்து ஒரு நிமிஷம் நின்றாள்.

"அப்பா, இங்க வாங்க."

மெக்கானிக் போய்ப் பார்த்தார். பாலத்தின் வலது பக்கமாக, கயிற்றைத் தொடாமல், ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். வரிசை அந்தக் கரையில் பஸ் நிறுத்தத்தையும் மருந்துக்கடையையும் தாண்டி, தகரக் கூரை வீடுகளுக்குள் திரும்பியிருந்தது. மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு நின்றார். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் நின்றார்கள். பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்தக் கரையில் இன்னொரு வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர்களை விடுவதற்காக அந்தக் கரையில் வரிசை நின்றது, பிறகு நகர்ந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை.

"இவங்க எல்லாரும் பாத்து முடிக்கிறதுக்குள்ள இருட்டிடும்ப்பா" என்றாள் மகள். "நாலு மணின்னு நீங்கதானே சொன்னீங்க?"

மெக்கானிக் படியிறங்கிப் போனார். மேலே வந்துகொண்டிருந்தவர்கள் சுவரோடு ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவர் டிரைவர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டி, இஞ்சினை அணைத்துவிடச் சொன்னார்.